துண்டு விழாத கணக்கு

தையற்கடையில் லாபம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் தையல் மெஷினைக் காட்டுவார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கடை வைத்திருக்கும் என் சின்னம்மா கத்தரிக்கோலைக் காட்டுவார். தையல் கூலியை ஊர் தீர்மானித்துவிடுகிறது. பக்கத்துக் கடையில் ரவிக்கைக்கு என்ன வாங்குகிறார்களோ, அதற்கு மேல் ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) கேட்டாலும் ஆள் அங்கே போய்விடும். துணிக்கு அப்படி ஊர் விலை கிடையாது. ஒரு ரோலிலிருந்து 14 பள்ளிச் சட்டை எடுக்கிறோமா 15 எடுக்கிறோமா என்பதை வெளியில் யாரும் பார்ப்பதில்லை. கல்லாவில்தான் அது தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைக்கு வரும் வேலை இரண்டு வகை. வாடிக்கையாளரே துணி வாங்கி வந்தால் மிச்சமும் அவருடையது. "மீதித் துணிய வச்சுக் குடுங்க அக்கா" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அதில் சிக்கனமாக வெட்டினால் நல்ல பெயர் கிடைக்கும், காசு கிடைக்காது. துணியோடு சேர்த்து விலை பேசிய வேலையில் ஒவ்வொரு சாண் துணியும் கடையின் பணம். பள்ளிச் சீருடை, கோவில் வேலை, வீட்டுத் திரைச்சீலை எல்லாம் இந்த இரண்டாவது வகை. கணக்கு தேவைப்படுவதும் இங்கேதான்.

எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது. அரசியல் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்வோம். சுற்றியிருந்த பால்மரம் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கு (புதுக் குடியிருப்புகளுக்கு) வந்துவிட்டார்கள். ஆனால் துணி தைக்கும் நாட்காட்டி மாறவில்லை. தைப்பூசத்துக்கு மஞ்சள், பள்ளி திறப்பதற்கு முன் கருநீலமும் வெள்ளையும், அப்புறம் கோவில் திருவிழாக்கள், கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கும் தீபாவளி. துணி ஈப்போவிலிருந்து வரும். பெரிய கொள்முதல் என்றால் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் போய் வருவார்கள். அகலத்தைக் கடைக்காரர்கள் பிடாங் 45, பிடாங் 60 என்று சொல்வார்கள், அங்குலக் கணக்கில். நீளம் மட்டும் மீட்டர்.

நான் பினாங்கில் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ஊருக்கு வந்த ஒரு நாள் சின்னம்மா, "ஏன் தம்பி, இத்தனை பேரு படிச்சிருக்கீங்க, துணி வெட்டறதுக்கு ஒரு கணக்கு இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது. எண்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. அதில் எவ்வளவு ஒரு சின்ன ஊர்க் கடைக்குப் பயன்படும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எளிய இடத்தில் தொடங்கலாம். பந்தலில் தொங்கவிடும் துணி, மேடைத் திரை போன்ற வேலைகளில் துணியின் முழு அகலமும் அப்படியே பயன்படும். நீளத்தை மட்டும் வெட்டினால் போதும். ஒரு கோவில் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுத்தமாக விழ வேண்டும் என்று எண்களை நானே செதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு ரோலும் 10 மீட்டர். 1.5 மீட்டரில் 6 துண்டு, 3.4 மீட்டரில் 6, 5.1 மீட்டரில் 6 வேண்டும். மடிப்புத் தையலுக்கு விடுவது எல்லாம் சேர்த்த அளவு இது.

சின்னதை முதலில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1.5 மீட்டர் ஆறும் முதல் ரோலில் முடியும், 1 மீட்டர் மிஞ்சும். 3.4 மீட்டர் ஒரு ரோலுக்கு இரண்டுதான் வரும், ஆகவே மூன்று ரோல், ஒவ்வொன்றிலும் 3.2 மீட்டர் மிச்சம். 5.1 மீட்டர் அந்த மிச்சம் எதிலும் நுழையாது. ஒன்றுக்கு ஒரு ரோல் என்று ஆறு புது ரோல் பிரிக்க வேண்டும். மொத்தம் 10 ரோல், 40 மீட்டர் மிச்சம்.

இப்போது பெரியதிலிருந்து தொடங்குவோம். 5.1 ஆறையும் ஆறு ரோலில் வெட்டினால் ஒவ்வொன்றிலும் 4.9 மிஞ்சும். அதில் 3.4 ஒன்று போகும், 1.5 மிஞ்சும். அதில் 1.5 ஒன்று. ஆறு ரோலில் வேலை முடிந்தது, ஒரு சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை. அதே துணி, அதே ஆர்டர். வெட்டிய வரிசை மட்டும் வேறு. அதில் நான்கு ரோல் வித்தியாசம்.

பெரியதை முதலில் எடு, அது நுழையும் முதல் ரோலில் வெட்டு, எதிலும் நுழையாவிட்டால் மட்டும் புது ரோல் பிரி. கணினி அறிவியலில் மிகவும் அலசப்பட்ட முறைகளில் இது ஒன்று. 1973-ல் டேவிட் ஜான்சன் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு ஓர் எல்லை கண்டார். எவ்வளவு வில்லங்கமான ஆர்டர் வந்தாலும், மிகக் குறைந்த ரோல் எண்ணிக்கையில் 9-க்கு 11 என்ற விகிதத்தையும் அதோடு சேரும் ஒரு சிறு எண்ணையும் இந்த முறை தாண்டாது. அந்தச் சிறு எண் 6/9, அதைவிடக் குறைக்க முடியாது என்று 2007-ல் ஹங்கேரியைச் சேர்ந்த தோசா நிரூபித்தார். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய முறைக்கு இப்படி ஓர் உத்தரவாதம் கிடைப்பது அபூர்வம். என்னைக் கேட்டால் எந்தத் தையற்கடையும் மென்பொருள் எதுவும் வாங்குவதற்கு முன் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சின்னம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "பெரிய ஆளுக்குத்தான் முதல்ல வெட்டணும், புள்ளைங்க துணிய எதுல வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்றார். தோட்டத்தில் இருந்தபோது அவருக்குத் தையல் பழக்கிவிட்டவர் சொன்னதாம்.

ஆனால் இந்த முறை எப்போதும் சரியாக வராது. இன்னோர் ஆர்டர்: 4 மீட்டரில் 2 துண்டு, 3 மீட்டரில் 4 துண்டு. மொத்தம் 20 மீட்டர். பெரியது முதலில் என்று போனால் முதல் ரோலில் 4-ம் 4-ம் போய் 2 மீட்டர் மிஞ்சும். இரண்டாவதில் மூன்று 3, மிச்சம் 1 மீட்டர். கடைசி 3 மீட்டருக்காக மூன்றாவது ரோலைப் பிரிக்க வேண்டும். யோசித்து வெட்டியிருந்தால் 4, 3, 3 என்று இரண்டே ரோலில் முடிந்திருக்கும். தோசாவின் எல்லையில் 2 ரோலைப் போட்டுப் பாருங்கள்: 2-ஐ 11/9-ஆல் பெருக்கி 6/9 கூட்டினால் 3.11 வரும். நம் 3 அதன் விளிம்பில் நிற்கிறது.

இரண்டு ரோலை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. லெனின்கிராடில் இருந்த லியோனிட் கன்டரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியரிடம் ஒரு ஒட்டுப்பலகை நிறுவனம் தன் எந்திரங்களுக்கு வேலையை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டது. அவர் அதில் தொடங்கி, உற்பத்தித் திட்டமிடலுக்கே ஒரு கணித முறையை 1939-ல் சிறு நூலாக வெளியிட்டார். கழிவு குறைய வெட்டுவதும் அதில் ஒரு கணக்கு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மறைமுக மதிப்பைக் கணக்கிட்டு, அதை வைத்து முடிவெடுக்கலாம் என்பது அவர் முறையின் உயிர்நாடி. விலை, சந்தை என்ற சொற்களே சந்தேகத்துக்குரியவையாக இருந்த ஸ்டாலின் காலம் அது. அவர் அதை விலை என்று அழைக்காமல் "தீர்வுப் பெருக்கிகள்" என்று அழைத்தார். 1975-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது, தியாலிங் கூப்மன்ஸுடன் பகிர்ந்து.

அந்த மதிப்பை வைத்து வெட்டுக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் ஐபிஎம்மில் இருந்த கில்மோரும் கோமொரியும். 1961-லும் 1963-லும் வந்த அவர்களுடைய இரண்டு கட்டுரைகளும் இன்றுவரை இந்தத் துறைக்கு அடித்தளம். காகித ஆலைகளின் ராட்சத உருளைகளை வெட்டுவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை.

அவர்களுக்கு முன்னால் இருந்த தடை இது. ஒரு ரோலை எத்தனை விதமாகக் கூறு போடலாம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டால், எந்த விதத்தில் எத்தனை ரோல் வெட்டுவது என்று கண்டுபிடிப்பது வழக்கமான நேரியல் கணக்கு (கட்டுப்பாடுகளை மீறாமல் செலவைக் குறைக்கும் கணக்கு). ஆனால் நாற்பது ஐம்பது வகை அளவு வந்துவிட்டால் அந்தப் பட்டியல் கோடிகளைத் தாண்டும். எழுதவே முடியாது. கில்மோரும் கோமொரியும் பட்டியலை எழுதாமலே வேலையை முடித்தார்கள்.

நம் 4 மீட்டர், 3 மீட்டர் ஆர்டரிலேயே பார்க்கலாம். ஒரு ரோல் 60 வெள்ளி என்று வையுங்கள். இப்போதைக்கு நமக்கு இரண்டு விதம்தான் தெரியும்: 4 மீட்டர் இரண்டாக வெட்டுவது, 3 மீட்டர் மூன்றாக வெட்டுவது. அப்படியானால் இன்றைய நிலவரப்படி ஒரு 4 மீட்டர் துண்டின் அடக்கம் 30 வெள்ளி, 3 மீட்டர் துண்டின் அடக்கம் 20 வெள்ளி. இனி ஒரே கேள்வி: இந்த விலைக்கு 60 வெள்ளியைத் தாண்டும் மதிப்புள்ள துண்டுகளை ஒரே ரோலிலிருந்து எடுக்க முடியுமா? 4, 3, 3 என்று எடுத்தால் 30-ம் 20-ம் 20-ம் சேர்ந்து 70. அறுபது வெள்ளி ரோலிலிருந்து எழுபது வெள்ளிச் சரக்கு! அந்த விதத்தைப் பட்டியலில் சேர்த்துக்கொள். விலையைத் திரும்பக் கணக்கிடு. இப்போது 4 மீட்டர் 30, 3 மீட்டர் 15 என்று வரும். மறுபடி அதே கேள்வி. எப்படி வெட்டினாலும் 60-ஐத் தாண்டவில்லை. நிறுத்திவிடலாம். இதைவிட நல்ல விதம் இல்லை என்பதற்கு அந்த விலையே சாட்சி.

எனக்கு இந்த முறையில் பிடித்தது அதன் கணிதத்தைவிட அதன் வியாபார புத்தி. எந்தத் தவுக்கேயும் (கடை முதலாளியும்) தன்னையறியாமல் கேட்கும் கேள்வியைத்தான் அது கேட்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புது விதத்தைத் தேடிக் கொண்டுவருவதால், கோடிக்கணக்கான விதங்களில் சில நூறைத்தான் அது தொட்டுப் பார்க்கும்.

இதில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. நேரியல் கணக்கு "இந்த விதத்தில் 2.4 ரோல்" என்று விடை தரும். காகித ஆலைக்கு 2,417.4 ரோல் என்று வந்தால் அந்தப் புள்ளி நாலு யாருக்கும் பெரிதில்லை. எங்கள் கடைக்கு மொத்தமே எட்டு பத்து ரோல்தான், புள்ளி நாலு பெரிய விஷயம். முழு எண்ணில்தான் விடை வேண்டும் என்று கேட்டவுடன் கணக்கு ஒரேயடியாகக் கடினமாகிறது. எல்லா ஆர்டருக்கும் வேகமாகச் சரியான விடை தரும் முறை எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடித்தால் அது கணிதத்தில் பெரும் செய்தியாக இருக்கும். ஆனால் பயப்பட வேண்டியதில்லை. சின்னம்மாவின் ஒரு நாள் ஆர்டரில் இருபது முப்பது துண்டுதான். அந்த அளவுக்குக் கைத்தொலைபேசியே சாத்தியங்களைச் சலித்துப் பார்த்து விடை சொல்லிவிடும். எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்குமான முறை நமக்குத் தேவையில்லை.

நீளம் மட்டும் என்றால் இவ்வளவுதான். அகலமும் சேர்ந்தவுடன் கதை வேறு. பிடாங் 60 துணி, ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் அகலம். அதில் தலையணை உறைக்கு 80-க்கு 50 துண்டுகள் வேண்டும். 50-ஐ அகலவாக்கில் வைத்தால் ஒரு வரிசையில் மூன்று சரியாக உட்காரும், 80 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று உறைப் பக்கம் முடிந்தது. 80-ஐ அகலவாக்கில் வைத்தால் வரிசைக்கு ஒன்றுதான். மூன்றுக்கு 150 சென்டிமீட்டர் போகும், பக்கத்தில் 70 அகலத்துக்கு ஒரு நீண்ட பட்டை மிஞ்சும். ஒற்றை நிறத் துணி என்றால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். துணியில் நீளவாக்கில் மயில் நின்றுகொண்டிருந்தால் திருப்ப முடியாது, திருப்பினால் தலையணையில் மயில் படுத்துவிடும். அச்சு ஒன்றினாலேயே செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகான அச்சுத் துணியை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அகலம் நிலையான, நீளம் ஓடிக்கொண்டே போகும் துணியில் செவ்வகங்களை அடுக்குவதற்கும் எளிய முறைகள் உண்டு. துண்டுகளை உயரத்தின்படி பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, இடது ஓரத்திலிருந்து ஒரு நிரை அடுக்க வேண்டும். இடம் முடிந்ததும், நிரையிலேயே உயரமான துண்டின் தலைக்கு மேல் அடுத்த நிரை. பழைய நிரைகளில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது நிரை தொடங்கினால், எவ்வளவு மோசமான ஆர்டரிலும் மிகக் குறைந்த நீளத்தைப்போல் 1.7 மடங்கோடு மிக உயரமான துண்டின் உயரத்தையும் சேர்த்த அளவைத் தாண்டாது. 1980-ல் காஃப்மன், கேரி, ஜான்சன், டார்ஜன் நால்வரும் காட்டியது இது. நிரை முறைக்கு இன்னொரு சௌகரியம்: நேராக ஓரத்திலிருந்து ஓரம் வரை வெட்டிப் பிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நிரையாக எடுத்து வெட்டலாம். மேசை சின்னதாக இருக்கும் கடையில் இதன் அருமை தெரியும்.

சட்டை, ரவிக்கை என்று வந்தால் செவ்வகமே கிடையாது. கைக்குழி, கழுத்து, தோள் எல்லாம் வளைவு. ஆடைத் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு வளைவான துண்டையும் இன்னொன்றைச் சுற்றித் தொட்டபடி நகர்த்தி, எந்த இடத்தில் வைத்தால் மோதும், எந்த இடத்தில் வைத்தால் உரசி நிற்கும் என்ற எல்லைக்கோட்டைக் கணினி முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்கிறது. பிறகு துண்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்க்கிறது. அப்படியும் பெரும்பாலும் துணியில் 100-க்கு 80 முதல் 90 வரைதான் உடையாகிறது. அங்கே பல அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவதால், அடுக்கும் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் அத்தனை அடுக்கிலும் குறையும். மணிக்கணக்கில் கணினியை ஓடவிடுவது அவர்களுக்குக் கட்டுபடியாகும். நமக்கு ஒற்றை அடுக்கு, அல்லது நடுவில் மடித்து இரண்டு அடுக்கு.

சின்னம்மா கடைக்காக நான் ஒரு நிரல் எழுதினேன். அதில் கணினிக்குச் சொல்லித்தர வேண்டிய விதிகள்தான் உண்மையில் நேரம் பிடித்தவை. சின்னம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஒரு துண்டை ஏன் அப்படி வைக்கிறார் என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. பாவு நூல் (துணியின் நீளவாக்கு நூல்) ஓடும் திசைக்கு உடையின் நீளம் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் ஒரு துண்டு கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் நாலு சலவைக்குப் பிறகு சட்டை முறுக்கிக்கொள்ளும். ரவிக்கையைக் கிராஸ் கட்டில் தைப்பதென்றால் வேண்டுமென்றே சாய்த்துத்தான் வைக்க வேண்டும், துணியும் கூடுதலாகப் போகும். வெல்வெட் என்றால் ஒரு துண்டைக்கூடத் தலைகீழாக வைக்கக் கூடாது. அதன் மேலே நிற்கும் மென்மயிர் ஒளியில் வேறு நிறம் காட்டும். மற்றத் துணியில் தலைகீழாகச் செருகுவதுதான் சிக்கனத்தின் முதல் வழி. பின்பக்கத் துண்டு மடிப்பின் மேலேயே உட்கார வேண்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான விதி நிறம் பற்றியது. ஒரே கருநீலம் என்று வாங்கிய இரண்டு ரோலை வாசலில் வெயிலில் போட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு நீலம். சாயம் தோய்த்த தொகுதி மாறியிருக்கும். கணினி தன்போக்கில் விட்டால் பினஃபோரின் (கையில்லாத பள்ளிக் கவுனின்) முன்பக்கத்தை ஒரு ரோலிலும் பின்பக்கத்தை இன்னொன்றிலும் வெட்டிச் சிக்கனம் காட்டும். அதனால் ஓர் உடையின் எல்லாத் துண்டும் ஒரே ரோலிலிருந்து வர வேண்டும் என்று கட்டிப்போட வேண்டும். காகித ஆலைக்கு இந்தக் கவலை இல்லை. புத்தகங்களில் உள்ள கணக்கும் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

அப்புறம் மிச்சம் என்பது என்ன என்ற கேள்வி. கணக்குப் புத்தகம் ரோல் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும் என்கிறது. ஒரு நாள் வேலைக்கு மூன்று ரோல் தேவை, மொத்தம் 1.5 மீட்டர் மிஞ்சுகிறது என்றால், அந்த மிச்சம் எங்கே மிஞ்சினாலும் புத்தகத்துக்கு ஒன்றுதான். சின்னம்மாவுக்கு அப்படியில்லை. மூன்று ரோலிலும் அரை அரை மீட்டராக மிஞ்சினால் அது மூட்டைக்குப் போகும். ஒரே ரோலில் ஒன்றரை மீட்டராக மிஞ்சினால் ஒரு சின்னப் பிள்ளைக்குக் கவுன் தைக்கலாம். நான் எழுதிய நிரலில் செய்தது ஒரு சின்ன வேலைதான்: ரோல் எண்ணிக்கை சமமாக வரும் விடைகளில், மிச்ச நீளங்களின் வர்க்கங்களைக் கூட்டி எது பெரியதோ அதை எடு. மூன்று அரை மீட்டருக்குக் கூட்டுத்தொகை 0.75, ஒரு ஒன்றரை மீட்டருக்கு 2.25. மிச்சம் தானாகவே ஓர் இடத்தில் சேர்ந்துவிடும். மறு பயன்பாட்டுக்கு ஆகும் மிச்சத்தைக் கணக்கில் எடுக்கும் ஆய்வுகளும் உண்டு. என் கருத்தில் சின்னக் கடைகளுக்கு அவைதான் உண்மையான ஆய்வுகள். ஒரு ரோலைக் குறைப்பது எப்போதாவது நடக்கும். மிச்சத்தைத் துணியாகவே வைத்திருப்பது தினமும் நடக்கும்.

மிச்சத் துண்டுகளுக்குச் சின்னம்மா ஒரு காகிதம் குத்தி நீளமும் பிடாங்கும் எழுதி வைக்கிறார். புது ரோலைப் பிரிப்பதற்கு முன் நிரல் அந்தத் துண்டுகளைப் பார்க்கும். கையளவு துணியெல்லாம் மலாய்க்காரர்கள் பெர்ச்சா என்று சொல்லும் வகை, அது கால்மிதியாகவும் ஒட்டுப்போர்வையாகவும் போகிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். அதற்குக் கணக்கு கிடையாது.

எந்தக் கணக்குக்கும் மேலாகத் துணியை மிச்சப்படுத்தியது காத்திருப்புதான். ஆர்டர் வர வர வெட்டுவதற்கும், சேர்த்து வைத்து வெட்டுவதற்கும் உள்ள தூரம் பெரியது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் வெட்டும் எந்த முறையாக இருந்தாலும், அது எவ்வளவு புத்திசாலித்தனமானதாக இருந்தாலும், மிகக் குறைந்த எண்ணிக்கையைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கீழ் உத்தரவாதம் தர முடியாது என்று 1980-ல் ஆண்ட்ரூ யாவ் நிரூபித்தார். எல்லாம் கையில் வந்த பிறகு பெரியதிலிருந்து வெட்டும் அந்த ஒரு வரி முறைக்கே உத்தரவாதம் ஏறத்தாழ 1.22 மடங்கு. காத்திருப்பதற்கு இதைவிட நல்ல வக்காலத்து கிடையாது. சீருடை ஆர்டர்களை இப்போது வாரக் கடைசியில்தான் வெட்டுகிறார்கள். ஒற்றை நிறம், அச்சு இல்லை, அளவும் குறிப்பிட்ட சில அளவுகளே. கணக்குக்கு இதைவிட வாட்டமான வேலை கிடையாது. தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் இது செல்லாது. "நாளைக்கே வேணும்" என்று வந்து நிற்பவரிடம் யாவின் தேற்றத்தைச் சொல்ல முடியாது.

கட்டம் போட்ட துணியும் பெரிய பூத் திரைச்சீலையும் இன்னும் நிரலில் சேரவில்லை. அங்கே வேறு மாதிரியான விதி. அச்சு எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறதோ, ஒவ்வொரு துண்டும் அதன் முழு மடங்கில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துத் திரையில் பூ ஏறி இறங்கித் தெரியும். அச்சு 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வருகிறது என்றால், 256 சென்டிமீட்டர் திரைக்குச் சரியாக நான்கு முறை. 260 வேண்டும் என்றால் ஐந்து முறை, 320 சென்டிமீட்டர் போகும். நான்கு சென்டிமீட்டருக்காக 64 சென்டிமீட்டர். பத்துத் திரை உள்ள வீட்டுக்கு 6.4 மீட்டர் துணி. இதை எந்த அடுக்கு முறையாலும் மீட்க முடியாது, ஆர்டரைத்தான் மாற்ற வேண்டும். சின்னம்மா அளவெடுக்கும்போதே கேட்டுவிடுகிறார்: "தரையிலேருந்து ரெண்டு விரல் ஏத்திக் கட்டிக்கலாமா, கூட்டும்போது தூசியும் ஒட்டாது?" பெரும்பாலோர் சரி என்கிறார்கள்.